கப்பல் மோதிக் கை போனால்: யாரிடம் கேட்பது, எந்தக் கோர்ட்டுக்குப் போவது, எத்தனை நாளுக்குள்?

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது. அண்ணன் தூத்தூர் பக்கத்துக்காரர், வயது 34. கொச்சியிலிருந்து தங்கல் மீன்பிடிக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போகும் விசைப்படகில் பங்குக்கு வேலை. ஐந்து மாதத்துக்கு முன் நள்ளிரவில் ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் படகின் பின்பக்கத்தை இடித்துவிட்டு நிற்காமல் போனது. எந்தக் கப்பல் என்று மறுநாள் தெரிந்துவிட்டது. அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது, தோள் எலும்பும் முறிந்தது. படகு முதலாளி "கம்பெனியோட பேசிக்கிட்டிருக்கோம், பொறு" என்கிறார். போலீஸோ "கரையிலிருந்து 40 கடல் மைல், வெளிநாட்டுக் கப்பல், எங்களால் எதுவும் முடியாது" என்கிறது. யாரிடம் போவது, ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். எனக்குக் கவலை, ஐந்து மாதம் வீணாகிவிட்டதே என்பதுதான். ஓராண்டுக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

முதலில் போலீஸ் சொன்னதைப் பார்ப்போம். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் நம் நாட்டின் ஆட்சிக் கடல். அதற்கு வெளியே நடந்த கப்பல் மோதலுக்காக மாலுமியைக் குற்றவழக்கில் நிறுத்துவது என்றால், கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடோ, அந்த மாலுமியின் சொந்த நாடோதான் செய்யலாம் என்று ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 97ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, கேப்டனை ஜெயிலில் போடுவது கஷ்டம் என்பது சரி. நஷ்டஈடு அப்படி இல்லை. அது சிவில் உரிமை, அதற்கு இந்த 12 மைல் கணக்கு குறுக்கே வராது. எஃப்ஐஆர் நின்றுபோனாலும், கேப்டன் ஊருக்குப் பறந்துவிட்டாலும், உங்கள் அண்ணனுக்கு வர வேண்டிய பணம் அதனால் குறையாது. குற்றவழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே காலக்கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் நம் கடற்கரையில் நிறைய. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். பாதிக்கப்பட்டவர் செய்த தவறு அதில் ஒன்றுமே இல்லை.

சரி, யார் மேல் வழக்கு? கப்பல் மேலேயே. கடல் சட்டத்தில் இது விசித்திரமாகத் தெரியும், ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய துணை. கப்பல் ஒரு நாட்டுக் கம்பெனியுடையது, கொடி இன்னொரு நாட்டுடையது, ஓட்டுவது மூன்றாவது நாட்டுக் கம்பெனி, ஆட்களை அனுப்பியது வேறொரு ஏஜென்சி. இந்த முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் வழக்குப் போட முடியும் என்றால் ஒரு மீனவரும் கோர்ட் வாசலை மிதிக்க முடியாது. அதனால்தான் கப்பலையே பிரதிவாதியாகப் பெயர் போட்டு, அதை ஐகோர்ட் உத்தரவில் துறைமுகத்தில் பிடித்து வைக்கலாம். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டம் (கப்பல் மீதான கடல்சார் வழக்குகளுக்கான சட்டம்) இந்த அதிகாரத்தைக் கடற்கரை மாநிலங்களின் ஐகோர்ட்டுகளுக்குத் தந்திருக்கிறது. கப்பல் கொச்சியில் நின்றால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள ஐகோர்ட், தூத்துக்குடியிலோ சென்னையிலோ நின்றால் சென்னை ஐகோர்ட். மோதல் எங்கே நடந்தது என்பதை விட, கப்பல் இன்று யாருடைய கடலில் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

கப்பலை ஓட்டியதில் ஒருவர் செத்தாலோ காயப்பட்டாலோ, அந்த இழப்பு கடன் போலக் கப்பலின் மேலேயே ஏறிக்கொள்கிறது. கப்பலை விற்றாலும், பெயரையும் கொடியையும் மாற்றினாலும் அது கூடவே போகும். கப்பல் ஏலத்துக்கு வந்தால் மாலுமிகளின் சம்பள பாக்கிக்கு அடுத்தபடி நிற்பது உயிரிழப்பு, காயத்துக்கான கோரிக்கைதான். கப்பலை அடமானம் வாங்கிய வங்கியெல்லாம் பின்னால்தான். ஆனால் இந்த உரிமைக்கு ஆயுள் ஓராண்டு. காயம்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் கப்பலைக் கோர்ட் மூலம் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அணைந்துவிடும். அதற்கப்புறமும் வழக்கே இல்லை என்றில்லை. அதே கம்பெனியிடம் கப்பல் இருக்கும்வரை வேறு வழிகள் உண்டு. ஆனால் கப்பல் கைமாறியிருந்தால் நம் பிடி போய்விடும். மோதலில் யாராவது இறந்திருந்தால், அவர் குடும்பம் 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தையும் இந்த ஓராண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கப்பல் இனி இந்தியா பக்கமே வராவிட்டால்? அதே முதலாளியின் வேறு கப்பல் வந்தால் அதைப் பிடிக்கலாம். 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியதே, அந்தக் கப்பல் கடலுக்கடியில் கிடக்க, கேரள அரசின் 9,531 கோடி ரூபாய் வழக்கில் ஐகோர்ட் பிடித்து வைக்கச் சொன்னது எம்எஸ்சி அகிடேட்டா 2 என்ற வேறொரு கப்பலை. அரசுக்குக் கிடைத்த அதே வாசல் உங்கள் அண்ணனுக்கும் திறந்துதான் இருக்கிறது. கப்பலைப் பிடித்தால் ஏலம்வரை போவது அபூர்வம். ஒரு கப்பல் ஒரு நாள் சும்மா நின்றாலே முதலாளிக்குப் பெரிய நஷ்டம் என்பதால், அவர்களுடைய இன்சூரன்ஸ் கிளப் (கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுச் சங்கம்) சீக்கிரமே கோர்ட்டில் பாதுகாப்புத் தொகைக்கு உறுதி கொடுத்துக் கப்பலை விடுவித்துக்கொள்ளும். அப்புறம் கப்பல் எங்கே போனாலும் பணத்துக்கு உத்தரவாதம் இங்கே இருக்கும். 2017 ஜூனில் கொச்சிக்கு அருகே கார்மல் மாதா படகில் மோதிய ஆம்பர் எல் கப்பலையும் கேரள ஐகோர்ட் இப்படித்தான் பிடித்து வைத்தது. அந்தப் படகில் நம் குளச்சல்காரர்களும் இருந்தார்கள்.

அடுத்து, தப்பு யார் மேல்? கப்பல் தரப்பு சொல்லப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "படகில் சரியான விளக்கு இல்லை, காவலுக்கு யாரும் முழித்திருக்கவில்லை, குறுக்கே வந்துவிட்டார்கள்."

உலகம் முழுக்கக் கடலில் 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள்தான் நடப்பில் உள்ளன. 5ஆம் விதி: எந்தக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கருவியாலும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். 18ஆம் விதி: வலையோ மடியோ போட்டு, சட்டென்று திரும்ப முடியாத நிலையில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு எஞ்சின் கப்பல்தான் வழிவிட வேண்டும். இது நமக்கு வலுவான விதி. ஆனால் வலை கடலில் இருந்தால்தான் இது பொருந்தும். துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த படகும், வலை போடாமல் எஞ்சினை அணைத்துப் படுத்திருந்த படகும் இதைப் பிடித்துக்கொண்டு வர முடியாது. 26ஆம் விதி விளக்கைப் பற்றியது: இழுவலைப் படகு என்றால் மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்ற வலை என்றால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. நம் படகுகள் பலவற்றில் இவற்றுக்குப் பதிலாகக் கண்கூசும் எல்இடி விளக்குகள் எரிகின்றன. ஏதோ ஒரு வெளிச்சம் என்று கப்பலில் இருப்பவருக்குத் தெரியும், மீன்பிடிக்கிற படகா, எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது. கோர்ட்டில் இது நிச்சயம் வரும்.

அதனால் பயப்பட வேண்டாம், காரணம் இருக்கிறது. இரண்டு கலங்களும் தவறு செய்திருந்தால் படகுக்கும் சரக்குக்கும் ஆன சேதம் தவறின் அளவுக்கேற்பப் பங்கிடப்படும். படகின் மேல் 30 சதவீதத் தவறு என்றால் படகு முதலாளிக்கு 70 சதவீதம்தான். ஆனால் உயிருக்கும் உடம்புக்கும் ஆன இழப்பில் கணக்கு வேறு. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 346ஆம் பிரிவு, காயம்பட்டவருக்கு இரண்டு கலங்களின் உரிமையாளர்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று வைத்தது. அதாவது, படகை ஓட்டும் ஸ்ராங்கு தூங்கியிருந்தாலும், விளக்கு தப்பாக எரிந்திருந்தாலும், அதில் கை இல்லாத உங்கள் அண்ணன் தன் முழு இழப்பையும் கப்பலிடமே கேட்கலாம். படகின் பங்கைப் படகிடம் வசூலிப்பது கப்பலின் பாடு. 2025இல் புது வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறிவிட்டதால் எந்தப் பிரிவு எண்ணைப் போடுவது என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: முதலாளியின் நலனும் உங்கள் அண்ணனின் நலனும் இங்கே ஒன்றல்ல. முதலாளி பேரத்தில் உட்காரும்போது படகின் தவறு அவர் கையைக் கட்டும். அண்ணனுக்கு அந்தக் கட்டு கிடையாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்ரிக்கா லெக்ஸி விவகாரத்தில் நடந்தது நினைவில் இருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று அந்த இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் செயின்ட் ஆண்டனி படகில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் குமரி மாவட்டத்துப் பையன். சர்வதேசத் தீர்ப்பாயம் 2020இல், உயிரிழப்புக்கு மட்டுமல்ல, படகிலிருந்தவர்கள் பட்ட உடல் பாதிப்புக்கும் மன வேதனைக்கும் இத்தாலி ஈடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரித்தது. அதே படகில் குண்டுக்கு நடுவே படுத்து உயிர் தப்பிய மற்றத் தொழிலாளர்களுக்கு? அந்தக் கணக்கில் அவர்கள் இல்லை. அவர்களும் உச்ச நீதிமன்றத்தில் போய் நின்ற பிறகுதான், 2022 நவம்பரில், உரிமையாளரின் 2 கோடியிலிருந்து 9 பேருக்குத் தலா 5 லட்சம் கொடுக்க உத்தரவானது. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கில், இரண்டு அரசாங்கங்கள் வாதாடிய வழக்கில், கூலிக்குப் போனவர்களின் நிலை இதுதான். உங்கள் அண்ணன் பெயர் தனி வாதியாகத் தாளில் இருக்க வேண்டும். முதலாளியின் வழக்குக்குள் ஒரு வரியாக இருந்தால் போதாது.

சாட்சியங்களுக்கு வருகிறேன். வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

பெரிய கப்பல்களில் பயணத் தரவுப் பதிவுக் கருவி இருக்கும். கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் பேசிய பேச்சு, ரேடார் திரை, வேகம், திசை எல்லாம் அதில் ஏறும். விமானத்துக் கருப்புப் பெட்டி மாதிரிதான், ஆனால் பழையது தானாக அழிந்து புதியது ஏறும். 2014க்குப் பிறகு பொருத்திய கருவிகள் 30 நாள்வரை வைத்திருக்கும், அதற்கு முந்தையவை 12 மணி நேரம்தான். கேப்டன் சேமித்து வைத்திருந்தாலோ, மறுநாள் கப்பலில் ஏறிய அதிகாரிகள் நகல் எடுத்திருந்தாலோ அது இப்போதும் இருக்கும். கொச்சியில் இருக்கும் வணிகக் கடல்துறை அலுவலகம் இப்படிப்பட்ட மோதல்களில் விசாரணை நடத்தும். அங்கே எழுத்தில் கேளுங்கள். மூடி மறைத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கப்பல் கம்பெனிக்கும் வக்கீல் மூலம் "எதையும் அழிக்கக் கூடாது" என்று ஒரு நோட்டீஸ் போக வேண்டும். அப்புறம் "தரவு இல்லை" என்று அவர்கள் சொன்னால், அந்தப் பதிலே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

ஏஐஎஸ் எனும் தானியங்கி அடையாளக் கருவியின் பதிவு இவ்வளவு சீக்கிரம் போகாது. எந்தக் கப்பல், எந்த நிமிடம், எந்த அட்சரேகை தீர்க்கரேகையில், என்ன வேகத்தில் போனது என்பதைக் கரையில் உள்ள நிலையங்களும் தனியார் கம்பெனிகளும் சேமித்து வைத்திருக்கின்றன. அதற்கு ஈடாக உங்கள் பக்கம் வேண்டியது, மோதிய நேரமும் படகின் ஜிபிஎஸ் புள்ளியும். படகில் இருந்த ஜிபிஎஸ் கருவி இப்போது எங்கே? ரிப்பேருக்குப் போயிருந்தால் உடனே மீட்டு வாருங்கள், அதில் தடம் இன்னும் இருக்கலாம். உடைந்த பலகையையும் ஃபைபரையும் அடுப்புக்கோ பழைய சாமான் கடைக்கோ போட்டுவிடாதீர்கள். கப்பலின் முகப்புப் பெயின்ட் அதில் ஒட்டியிருக்கும், தடயவியல் ஆய்வில் அது பேசும்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும் ஆனால் பெரியது. காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்த நேரத்துப் பதற்றத்தில், போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று, கூட வந்தவர் "போட்ல வழுக்கி விழுந்துட்டான், வின்ச்சுல கை மாட்டிடுச்சு" என்று சொல்லிவிடுவதுண்டு. வருடங்கள் கழித்துக் கப்பல் தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். இந்த வாரமே பதிவேட்டின் நகலை வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தால், அன்று கூட வந்தவர் உண்மையைச் சொல்லிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். எஃப்ஐஆர் இல்லையென்றால் அதையும் பதிவு செய்யுங்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று சொன்னாலும் எந்தக் காவல் நிலையமும் பூஜ்ய எஃப்ஐஆர் பதிந்து மாற்றி அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. கேப்டனைத் தண்டிக்க அது உதவாமல் போகலாம், ஆனால் சம்பவம் நடந்ததற்கு அது ஆவணம்.

எவ்வளவு கேட்கலாம்? வருமான இழப்புக் கணக்குக்கு மோட்டார் விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையை முன்வைப்பது வழக்கம். 2009இன் சரளா வர்மா தீர்ப்புப்படி 31 முதல் 35 வயதுக்காரருக்கு வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 16. 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி, 40 வயதுக்குக் கீழே உள்ள சொந்தத் தொழில்காரருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். பங்குப் பணம் மாதம் சராசரி 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்வோடு 28,000, வருடத்துக்கு 3,36,000, பதினாறால் பெருக்கினால் 53,76,000. இதில் எத்தனை சதவீதம் போயிற்று என்பதுதான் கேள்வி.

மெடிக்கல் போர்டு சர்டிபிகேட்டில் 30 சதவீதம் என்று இருந்தால், 30தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2010இன் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது: உடம்பின் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு. கணக்குப் பிள்ளைக்கு மூன்று விரல் போவதும், நனைந்த கயிற்றை இரவெல்லாம் கையால் பிடித்து இழுக்கிறவருக்கு வலது கையில் மூன்று விரல் போவதும் ஒன்றா? தோளும் போன பிறகு அவர் மறுபடி கடலுக்குப் போக முடியுமா என்று எலும்பு டாக்டரைத் தொழிலைக் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். 30 சதவீதம் என்றால் சுமார் 16 லட்சம். 60 என்று நிறுவினால் 32 லட்சத்துக்கு மேல். சிகிச்சைச் செலவு, இனி ஆகப்போகும் செலவு, வலி, வட்டி எல்லாம் இதற்கு மேலே. வருமானத்துக்கு ரசீது இல்லை என்று தளர வேண்டாம். தரகர் நோட்டு, பங்கு பிரித்த சீட்டு, முன்பணம் அனுப்பிய ஜிபே பதிவு, ஏலக்கூடத்துக் கணக்கு எல்லாமே சாட்சியம்.

படகு முதலாளியிடம் கேட்கும் வழியும் உண்டு. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், இப்போது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அதில் யார் தவறு என்பதை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதாலும், ஒரு கையில் மூன்று விரல் இழப்புக்கு அட்டவணை 30 சதவீதம் என்று வைத்திருப்பதாலும், விரல்களுக்கு மட்டும் பார்த்தால் 5.4 லட்சத்தை ஒட்டித்தான் வரும். "பங்குக்காரன், என் ஊழியன் இல்லை" என்ற வாதமும் வரலாம். முன்பணம் வாங்கினாரா, போ என்றால் போக வேண்டியவரா என்பதையெல்லாம் வைத்து எதிர்கொள்ள வேண்டும். கட்டிய தொகையை முதலாளி கப்பலிடம் திருப்பிக் கேட்க முடியும் என்பதை அவரிடம் எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை அடங்கும். பிரதமர் மத்ஸ்ய சம்பத திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் பதிவாகியிருந்தால் நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரை உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் இன்றே விசாரியுங்கள்.

சுற்றுலாப் படகில் அடிபட்டவர்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. காயலிலும் ஏரியிலும் ஓடும் உள்நாட்டுப் படகுகள் அட்மிரால்டி சட்டத்துக்கு வெளியே. 2009இல் தேக்கடியில் 45 பேரும், 2023 மே மாதம் தானூரில் 22 பேரும் இறந்த மாதிரியான விபத்துகளுக்கு வேறு சட்டம், வேறு மன்றம். அதைத் தனியாகக் கேட்டால் எழுதுகிறேன்.

இதற்கிடையில் கம்பெனியின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வரலாம். மரியாதையாகப் பேசுவார், இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ உடனே தருவதாகச் சொல்வார், இங்கிலீஷில் ஒரு தாள் நீட்டுவார். அதில் "கப்பல், உரிமையாளர், இன்சூரர் எல்லார் மேலும் உள்ள எல்லாக் கோரிக்கையும் முழுமையாகத் தீர்ந்தது" என்று இருக்கும். கையில் காசில்லாத நேரத்தில் அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும், வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுத் தீர்வு என்று இல்லாமல், சிகிச்சைக்கான இடைக்காலத் தொகை, மற்ற உரிமைகளுக்குப் பாதகமில்லை என்று எழுதித் தந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அதுவும் வக்கீல் பார்த்த பிறகு.

வக்கீல் செலவுக்கு என்ன செய்வது? ஊனமுற்றவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஊனச் சான்றிதழோடு கேரள ஐகோர்ட் சட்டப் பணிக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். அட்மிரால்டி வழக்கு நடத்திய வக்கீல் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள், எல்லா சிவில் வக்கீலுக்கும் இது பழக்கமில்லை. போகும்போது கப்பலின் பெயரோடு அதன் ஐஎம்ஓ எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். பெயர் மாறும், அந்த ஏழு இலக்க எண் மாறாது. கப்பல் அடுத்து எந்த இந்தியத் துறைமுகத்துக்கு வருகிறது என்பதை வக்கீல் அலுவலகம் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் வந்து சரக்கை இறக்கிவிட்டு இரண்டே நாளில் கிளம்பிவிடும். மனுவும் பிரமாணப் பத்திரமும் அதற்கு முன்பே தயாராகிக் கையெழுத்தாகி இருக்க வேண்டும். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஏழு மாதம்.